கொட்டில் வாசலில் நின்ற செருப்புகள்

முல்லைத்தீவுக் கரைக்கு முதன்முதலாகக் கரண்ட் கொண்டுவந்தவன் நான்தான்.

பொய். நான் பிறக்க முதலே அந்தக் கரையில் கரண்ட் இருந்தது. பிறகு சண்டையில் இல்லாமற் போனது. நான் கொண்டுவந்தது ஒரு சுருள் வயர். அதையும் சண்டை நின்று பாதை திறந்த பிறகு வவுனியாவிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஓமந்தை ஆமிச் சாவடியில் மறித்து, "இதுக்குள்ள என்ன?" என்று கேட்டார்கள். "வயருக்குள்ளை வயர்தான் ஐயா" என்று பகிடி விட்டேன். முழுச் சுருளையும் றோட்டில் விரித்துக் காட்டச் சொன்னார்கள். விரித்தேன். திரும்பச் சுற்றி முடிக்கும்போது பஸ் போய்விட்டது. பஸ்ஸுக்குள் இருந்த என் சோற்றுப் பார்சலும் போய்விட்டது. தொழிலில் நான் படித்த முதல் பாடம் அது: சாவடியில் பகிடி விடக்கூடாது. இரண்டாவது பாடத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கோ என்று மின்சாரசபைக் கந்தோரில் கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஓய்வு கொடுத்தவன். வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கிடைத்தது போன வருடம்தான். முன்வரிசையில் இருக்கிற தங்கச்சி நான் சொல்வதைப் போனில் பதிந்து, நல்ல தமிழில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறா. வாசிக்கும்போது அழகாக இருந்தால் அது அவவின் கெட்டித்தனம். பொய்யாக இருந்தால் அது என்னுடையது. இன்னொன்றும் சொல்லவேண்டும். என்னை ஒரு கலியாண வீட்டுக்கு ஏற்றிப்போக ஆள் வரும். வந்து கூப்பிட்டால் எந்த இடத்தில் நிற்கிறேனோ அந்த இடத்தில் விட்டுவிட்டு எழும்பிப் போவேன். குறை நினைக்கக்கூடாது.

உங்கள் காலத்தில் பவர் ஸ்டேஷன் இரண்டு மூன்று பேருக்குக் கூட்டாக இருக்கிறது, லைனிலும் ஆளுக்கொரு பங்கு இருக்கிறது. பெரிய ஆட்கள் கோட் போட்டுக்கொண்டு கையெழுத்து வைக்கிறார்கள். எங்களுடையதும் அப்படித்தான். கோட் மட்டும் இல்லை.

நான் வேலை பார்த்த கடற்கரை ஊரில் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. கடற்கரைப் பக்கம் மீனவர் சங்கத்தின் டீசல் எஞ்சின். ஐஸ் அறைக்கும் மாதா கோயிலடி வீடுகளுக்கும் அது கரண்ட் கொடுத்தது. கடைத்தெருப் பக்கம் வியாபாரிகளின் எஞ்சின். அது கடைகளுக்கும் மில்லுக்கும் பள்ளிவாசலுக்கும். இரண்டுக்கும் இடையில் பனங்குற்றிகளைத் தூணாக நட்டு லைன் இழுத்து, நடுவழியில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, அதற்குள் ஒரு இரும்புக் கைபிடி வைத்தார்கள். கைபிடி மேலே நின்றால் இரண்டு பக்கமும் தனித்தனி. கீழே இழுத்தால் இரண்டும் ஒன்று. ஒரு பக்கத்து எஞ்சின் படுத்தால், கைபிடியைக் கீழே இழுத்து மற்ற எஞ்சினிலிருந்து அந்தப் பக்கத்துக்கும் கொடுக்கலாம். எஞ்சின்கள் அவரவருடையவை. லைனும் கொட்டிலும் கைபிடியும் இரண்டு பகுதிக்கும் பொது.

கைபிடியைக் காக்கிறவன் நான். எனக்கு அந்த வேலை கிடைத்தது கெட்டித்தனத்தால் இல்லை. இரண்டு பகுதிக்கும் சொந்தமில்லாத ஒருவன் வேண்டும் என்று தேடினார்கள். நான் நெடுங்கேணியில் ட்ரக்டர் எஞ்சினுக்குக் கீழே படுத்துக் கிடந்தவன். கடற்கரையில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அது போதுமாக இருந்தது. என்னை விசாரித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மரியதாஸ் அண்ணை. கரைவலையும் தோணியும் வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் செய்கிற சம்மாட்டி, மீனவர் சங்கத்துக்குத் தலைவர். மற்றவர் ஹனீபா நானா. கடைத்தெரு வியாபாரிகளுக்குப் பெரியவர்.

"கரண்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று மரியதாஸ் அண்ணை கேட்டார்.

"தொட்டா அடிக்கும்."

ஹனீபா நானா மற்றவரைப் பார்த்தார். "அது காணும். இதுக்கு மேலை தெரிஞ்சவன் வந்தா எங்களுக்குப் படிப்பிப்பான்."

கைபிடிக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி மரியதாஸ் அண்ணையிடம், மற்றது ஹனீபா நானாவிடம். இரண்டும் திறந்தால்தான் கைபிடி அசையும். கொட்டில்காரனான எனக்குச் சாவியே இல்லை. கல்லாப்பெட்டி இல்லாத முதலாளி மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஹனீபா நானாவின் ஆட்கள் சண்டைக் காலத்தில் ஊரை விட்டுப் போகவேண்டிவந்து, பதின்மூன்று வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, பாதை திறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தவர்கள். மாதா கோயிலடி வேதக்காரச் சனமும் அவர்களும் முன்பு ஒரே கிணற்றில் அள்ளியவர்கள். இரண்டு பகுதிக்கும் ஒருவரில் ஒருவருக்கு அன்பு இருந்தது. நம்பிக்கைதான் இன்னும் புத்தளத்திலிருந்து வந்து சேரவில்லை.

அதனால் ஒவ்வொரு தரம் கைபிடியை அசைக்கவும் ஒரு கூட்டம் நடக்கும். போன தரம் யார் கூடக் கொடுத்தது, யாருடைய எஞ்சின் கூட இளைத்தது என்று அரைநாள் கதைப்பார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

கூட்டமே போடாமல் இரண்டு பகுதியும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது. அதுதான் செருப்பு.

லைன் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போவார்கள், பகுதிக்கு ஒருவர். கடற்கரைப் பக்கம் சூசை. கடலுக்குப் போய்வந்தவன், எந்த மரத்திலும் ஏறுவான். கடைத்தெருப் பக்கம் ரியாஸ். ஹனீபா நானாவின் மகளைக் கட்டின மருமகன், புத்தளத்தில் வயரிங் பழகியவன். பனங்குற்றியில் காலுக்குத் தளைநார் போட்டு வெறுங்காலோடுதான் ஏறவேண்டும். அதனால் இரண்டு பேரும் கொட்டில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்கள். சூசை தோணியில் செருப்போடு கால் வைக்காத பழக்கத்தில் கழற்றினான். ரியாஸ் பள்ளிவாசல் பழக்கத்தில் கழற்றினான். பிள்ளையார் கோயில் வாசல் எனக்கும் தெரியும்தானே. ஒருவரும் சட்டம் போடவில்லை. ஆனால் வாசலில் செருப்பு நின்றால் லைனில் ஆள் நிற்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். வேலை முடிந்து வந்து செருப்பைப் போட்ட பிறகுதான் "லைனிலை ஆளில்லை" என்று சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நான் சாவிக்காரர்களுக்கு ஆள் அனுப்புவேன்.

நீங்கள் இப்போது சிவப்பு அட்டை தொங்கவிடுகிறீர்கள். நல்லது. எங்கள் அட்டை ரப்பரில் இருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கரைவலைப் பருவம் முடியப்போகிற நேரம். வாடைக்காற்று தொடங்கினால் பிறகு வலை இழுக்க ஏலாது. கடைத்தெருவில் நோன்பு தொடங்கிய கிழமை. கடற்கரை எஞ்சின் காலையிலேயே படுத்துவிட்டது. கைபிடி மேலே நின்றதால், கொட்டிலுக்கு அந்தப் பக்கம் கடற்கரை வரைக்கும் லைனில் ஒரு சொட்டுக் கரண்ட் இல்லை, துணி காயப்போடலாம். இதுதான் சமயமென்று, காற்றில் அறுந்து தொங்கிய வயரைப் பொருத்த சூசையும் ரியாசும் போனார்கள். போகும்போது சூசை, "அண்ணை, உன்ரை சைக்கிளுக்குப் பிரேக் எங்கை?" என்று கேட்டான். "காலிலை இருந்தது. செருப்போடை கழட்டி வச்சிட்டாய்" என்றேன்.

வேலை நடந்த குற்றி பனங்கூடலுக்கு அப்பால், ஒரு வளைவில். கொட்டிலிலிருந்து பார்த்தால் தெரியாது.

மத்தியானம் திரும்பிய பிறகு கடற்கரையில் கூக்குரல் கேட்டது. வலைக்குப் பெரிய மீன் பட்டுவிட்டது என்ற சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் கரையில் நிற்கிற மனிதன் எல்லாம் ஓடுவான். கோயிலில் பூசை நடந்தால் மணியடிக்கிற சங்கிலித்தாமும் பாதியில் ஓடிவிடுவார். நான் மட்டும் ஓடவில்லை. வேலைப் பொறுப்பு என்று நினைக்காதீர்கள், சைக்கிள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மரியதாஸ் அண்ணை வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, உடம்பெல்லாம் உப்பும் செதிலும். அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஹனீபா நானா. ஆள் அனுப்பியவுடனே கடையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். முகம் நோன்பில் வாடியிருந்தது.

"சூடை மீன் நானா. கரை நிறைய. எங்கடை எஞ்சின் படுத்திட்டுது, ஐஸ் உருகுது. பொழுதுபட முதல் கரண்ட் வராட்டி முழுக்கப் பழுதாப்போம். இந்தப் பருவத்துக்கு இதுதான் கடைசிப் பாடு, தெரியுந்தானே."

"தெரியும் தம்பி. அதுக்குத்தானே சாவியோடை வந்தனான். எடு, எடு. நோன்பு திறக்க முதல் நான் போகவேணும்."

கூட்டம் இல்லை. வாக்குவாதம் இல்லை. தேத்தண்ணி இல்லை. பழைய கணக்கு ஒன்றையும் ஒருவரும் இழுக்கவில்லை. ஹனீபா நானா தன் பூட்டைத் திறந்தார். மரியதாஸ் அண்ணை தன் பூட்டைத் திறந்தார். இரண்டு பூட்டும் ஒரே நிமிடத்தில் திறந்ததை நான் முதன்முதலாகக் கண்டேன். எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். ஆனால் கண் வாசலுக்குப் போய்விட்டது.

அங்கே இரண்டு சோடி செருப்பு நின்றது. இரண்டு பேரும் அதைக் கடந்துதான் உள்ளே வந்திருந்தார்கள்.

மரியதாஸ் அண்ணை கைபிடியில் கை வைக்க, நான் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணை, செருப்பு நிக்குது."

"நிண்டா நிக்கட்டும். தள்ளு."

"லைனிலை ஆள் நிக்குது எண்டுதானே அண்ணை."

"எந்த ஆள்? சூசையோ? சூசை என்ர பக்கத்திலை நிண்டு கயிறு இழுத்தவன். சத்தம் கேட்டதும் குற்றியாலை இறங்கி நேரை ஓடிவந்தவன். இப்பவும் கூடை தூக்கிக்கொண்டு நிக்கிறான். நான் என்ர கண்ணாலை கண்டிட்டுத்தான் வாறன்."

அது உண்மை. மரியதாஸ் அண்ணை பொய் சொல்கிற மனிதர் இல்லை. சூசையின் செருப்பு வாசலில் நின்றது, சூசை கடற்கரையில் நின்றான். ஆக, ஒரு சோடி செருப்பு பொய் சொல்லிவிட்டது.

"மற்றச் சோடி அண்ணை?"

"சூசை இறங்கினா ரியாசும் இறங்கியிருப்பான். ஒருத்தன் மேலை நிக்க மற்றவன் விட்டிட்டுப் போவானோ?"

ஹனீபா நானாவும், "மருமகன் இந்நேரம் பள்ளியிலை. நோன்புக் கஞ்சி பங்கிடுறது அவன்தானே" என்றார்.

"நானா கண்டனீங்களோ?"

"காணேல்லை. நான் கடையிலையிருந்து நேரை வாறன். எண்டாலும் ஒவ்வொரு நாளும் அங்கைதானே நிக்கிறவன்."

இதைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்கவேண்டும் பிள்ளைகளே. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். ஒருவர் ஊருடைய உழைப்பு அழுகப்போகிறதே என்று துடித்தார். மற்றவர் அந்தத் துடிப்பைப் பார்த்து, வாய் வறண்டு ஓடிவந்து உதவி செய்தார். சம்மாட்டி தன் ஆளைக் கண்டுவிட்டார். அதனால் லைன் வெறுமை என்று நினைத்தார். கடை முதலாளியான நானா, சம்மாட்டி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார், அவருக்குத் தெரியாதா என்று நினைத்தார். பங்காளிகள் சண்டை பிடிக்கும்வரை லைன்காரனுக்குப் பயமில்லை. அவர்கள் கதைத்து முடிக்கும் நேரத்தில் அவன் இறங்கி, சாப்பிட்டு, நித்திரையும் கொள்வான். அவர்கள் சட்டென்று ஒத்துப்போகும்போதுதான் பயப்படவேண்டும். அந்த ஒப்பந்தத்தில் கேட்கப்படாத ஆள் ஒருவன் மேலே நிற்பான்.

"ஒருக்கா வளைவு மட்டும் போய்ப் பாத்திட்டு வாறன் அண்ணை."

"சைக்கிள் எங்கை?"

"அவங்கள் கொண்டுபோட்டாங்கள்."

"அப்ப நீ மணலுக்குள்ளாலை நடந்து போய் வரவேணும். போ. நாங்கள் கரண்டைக் குடுக்கிறம், நீ ஆறுதலாப் பாத்திட்டு வா."

நான் அந்த இடத்தை விட்டு அசைந்தால் கைபிடி கீழே வரும். ரியாஸ் மேலே நின்றால், இரண்டு கையும் வெறும் வயரில் இருக்கும். அவனுக்குக் கலியாணமாகி ஆறேழு மாதம்தான். பெண்சாதி புத்தளத்தை விட்டு வரமாட்டேன் என்று நின்றவ. இங்கே ஒன்றும் நடக்காது என்று சொல்லிக் கூட்டிவந்தவர் அவவின் தகப்பன் ஹனீபா நானா. அந்தத் தகப்பனின் கையில்தான் இப்போது திறந்த பூட்டு இருக்கிறது.

"டேய் ராசன், விடு. பகிடிக்கு ஒரு நேரம் காலம் இருக்குது" என்றார் மரியதாஸ் அண்ணை.

"பகிடி இல்லை அண்ணை."

"உன்ர மூஞ்சியைப் பாத்தாப் பகிடி மாதிரித்தான் கிடக்குது."

என் முகத்தின் கேடு அது. வருடக்கணக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தவன், ஒருநாள் உண்மையாகப் பயந்து நடுங்கினாலும் பார்க்கிறவனுக்குச் சிரிப்புத்தான் வரும். மரியதாஸ் அண்ணை என் தோளைப் பிடித்து ஒதுக்கினார். அவர் தோணி தள்ளுகிற கை. நான் வாசலில் போய் விழுந்தேன், செருப்புகளுக்கு மேலே.

எழும்பும்போது ரியாசின் செருப்பு என் கையில் இருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கத் தெரிந்திருந்தால் நான் நாலாம் வகுப்புக்குப் போயிருப்பேன். ஓடிப்போய் அந்தச் சோடியைக் கைபிடியில் கொழுவிவிட்டேன். சம்மாட்டியின் முகத்துக்கு நேரே, இரண்டு செருப்பும் ஆடிக்கொண்டு நின்றன.

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனுக்கு முன்னால் செருப்பைத் தூக்கினால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"செருப்பையோடா எனக்குக் காட்டுறாய்?" மரியதாஸ் அண்ணையின் குரல் தாழ்ந்துவிட்டது. உரக்கக் கத்தும் மனிதரின் குரல் தாழ்ந்தால் ஆள் ஓடவேண்டும்.

"உங்களுக்கில்லை அண்ணை. கைபிடிக்கு. இழுக்கிறதெண்டா அந்தச் செருப்பையும் பிடிச்சுத்தான் இழுக்கவேணும்."

அவர் கையை ஓங்கினார். அடி விழும் என்று நான் கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால், ஹனீபா நானா கைபிடிக்குக் கிட்ட வந்து, குனிந்து, அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இது என்ர மகள் வாங்கிக் குடுத்தது," என்றார். "வவுனியாவிலை."

செருப்பு வாரைப் பெருவிரலால் தடவினார்.

"பள்ளிக்குப் போறவன் செருப்பைப் பள்ளி வாசலிலையெல்லோ கழட்டுவான்," என்றார் மெதுவாக. "இது இஞ்சை நிக்குது."

மரியதாஸ் அண்ணை கையை இறக்கினார். கைபிடியைப் பார்த்தார். அதைத் தொட்டிருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு தன் பூட்டைத் திரும்பப் போட்டுப் பூட்டி, சாவியை என் கையில் வைத்தார். ஹனீபா நானாவும் பூட்டிவிட்டுச் சாவியைத் தந்தார். ஊர் முழுக்க எனக்கு எழுதி வைத்ததுபோல இருந்தது. அனுபவிக்க நேரமில்லை, மூன்று பேரும் மணலுக்குள்ளால் ஓடினோம். மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வளைவைத் தாண்டினோம். ரியாஸ் மேலே நின்றான். தளைநாரில் காலை ஊன்றி, குற்றியோடு சாய்ந்து, வெறும் வயரை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். குற்றிக்குக் கீழே என் சைக்கிள் சாத்திக் கிடந்தது.

எங்களைக் கண்டு அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. "என்ன மாமா, எல்லாரும் வந்திருக்கிறியள்? நான் சுணங்கிறன் எண்டு சூசை சொல்லிப்போட்டானோ? நோன்போடை கை கெதியா ஓடுதில்லை. இன்னும் ஒரு முறுக்குத்தான்."

ஹனீபா நானா குற்றியடியில் மணலில் இருந்துவிட்டார்.

ஐஸ் உருகுது என்று ஓடிவந்த சம்மாட்டி அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "ஒண்டுமில்லை மோனை. நீ ஆறுதலா முடி."

அவன் முடித்து இறங்கவும் கடைத்தெருப் பக்கமிருந்து பாங்குச் சத்தம் வரவும் சரியாக இருந்தது. கொட்டிலுக்கு வந்து என் மண்பானைத் தண்ணியில் இரண்டு பேரும் நோன்பு திறந்தார்கள். ஹனீபா நானாவின் பையில் பேரீச்சம்பழம் இருந்தது. மருமகனுக்குக் கொடுத்தார். எனக்கும் மரியதாஸ் அண்ணைக்கும் நீட்டினார். நாங்களும் வாங்கித் தின்றோம்.

ரியாஸ் வாசலில் செருப்பைத் தேடினான். பிறகு உள்ளே பார்த்தான்.

"என்ர செருப்பை ஆர் இதிலை கொழுவினது?"

நான் கூரையைப் பார்த்தேன். ஹனீபா நானா பானையைப் பார்த்தார்.

"எலி," என்றார் மரியதாஸ் அண்ணை.

"எலி கொழுவுமோ?"

"வன்னி எலி கொழுவும். போட்டுக்கொண்டு சொல்லவேண்டியதைச் சொல்லு."

ரியாஸ் செருப்பைப் போட்டான். "லைனிலை ஆளில்லை" என்றான். நான் இரண்டு சாவியையும் கொடுத்தேன், திறந்தார்கள், நானே கைபிடியை இழுத்தேன். மீன் பாதி ஐஸுக்குப் போனது. மீதிக்குப் பெண்கள் இருந்து உப்புப் போட்டார்கள். கொஞ்சம் பழுதாகத்தான் போனது. எனக்கும் ஒரு பை கருவாடு வந்தது. பரிசோ தண்டனையோ தெரியவில்லை. அந்தப் பை முடியும்வரை என் பெண்சாதி என்னோடு கதைக்கவில்லை.

இருட்டும் நேரம் சூசை செருப்பை எடுக்க வந்தான். நடந்ததைச் சொன்னேன். அவன் ஒரு பகிடியும் விடவில்லை, நானும் விடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம், ரியாஸ் வீட்டுக்கு நடந்தான். அங்கே என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வந்தார்கள். அதற்குப் பிறகு சூசையின் செருப்பு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. கடலே எழும்பி வந்து கூப்பிட்டாலும், கொட்டிலுக்கு வந்து, செருப்பைப் போட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போவான்.

ஆக, என் இரண்டாவது பாடம் இதுதான். யாருக்கு எத்தனை பங்கு என்று பெரியவர்கள் தீர்மானிக்கட்டும். ஆனால் கைபிடியை இழுக்கலாம் என்று சொல்கிற உரிமை மேலே ஏறினவனுக்கு மட்டும்தான். அவன் வந்து, தன் வாயால் சொல்லவேண்டும். அவனைக் கண்டேன், அவன் பழக்கம் தெரியும், அவன் இந்நேரம் அங்கே நிற்பான் என்று எவ்வளவு நல்லவர் சொன்னாலும் கணக்கில்லை. நான் சொன்னாலும் கணக்கில்லை. முக்கியமாக நான் சொன்னால்.

அந்த வருட நத்தார் முடிந்த மறுநாள் கடல் எழும்பித்தான் வந்தது, சுனாமி. கடற்கரை எஞ்சினையும் ஐஸ் அறையையும் கொண்டுபோனது. மரியதாஸ் அண்ணையையும் கொண்டுபோனது. அதைப் பற்றி என்னால் கதைக்க ஏலாது. கொட்டில் உள்ளுக்குத் தள்ளி இருந்ததால் தப்பியது. அவருடைய பூட்டு என்னிடம் நின்றது. பிறகு புதிய எஞ்சின் வந்தது, லைனைத் திரும்ப இழுத்தோம். பிறகு திரும்பச் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். ஹனீபா நானாவும் ரியாசும் குடும்பத்தோடு இரண்டாம் தரமும் புத்தளத்துக்குப் போனார்கள். கடைத்தெரு எஞ்சின் படுத்தது படுத்ததுதான். சண்டை கிட்டக் கிட்ட வர, சனம் வயரைக் கழற்றியது. பனங்குற்றிகளை வெட்டிப் பங்கருக்கு மேலே போட்டது. நான் காத்த லைனுக்குக் கீழேதான் பிறகு நானும் பதுங்கியிருந்தேன்.

கடைசியாக ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள். உடையார்கட்டுப் பக்கம் போகச் சொல்லிச் சனம் எல்லாம் றோட்டில். நான் சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி உருட்டிக்கொண்டு வாறேன், பின்னால் பெண்சாதி பிள்ளைகள். கொட்டிலடிக்கு வந்தேன். தகரம் இல்லை, கதவு இல்லை. கைபிடி மட்டும் துருப்பிடித்து மேலே நிற்கிறது. வாசலில் ஒரு சோடி செருப்பு.

நீலச் செருப்பு. அறுந்த வாரைச் செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. சூசையின் செருப்பு. மூன்று நாலு நாளாக அவனை ஒருவரும் காணவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

லைன் இல்லை. குற்றி இல்லை. எஞ்சின் இல்லை. செருப்பு நிற்கிறது. பெண்சாதி பின்னாலிருந்து, "என்னப்பா நிக்கிறியள், நடவுங்கோ, ஷெல் கிட்டக் கிட்ட விழுகுது" என்கிறா. எனக்குக் கால் வரவில்லை. ஆள் வந்து தன் வாயால் சொல்லாமல் அந்த வாசலைக் கடந்து நான் போனதில்லை. சைக்கிளை அவவின் கையில் கொடுத்துவிட்டு, வளைவுப் பக்கம் பார்த்து, சூசை, சூசை என்று கூப்பிட்டேன். பனங்கூடலுக்குள் இறங்கினேன். அங்கே ஒரு...

"ராசன் அண்ணை, கதைச்சது காணும், வாங்கோ. சூசை நாலு தரம் போன் அடிச்சிட்டான். மகளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடாமல் நிக்கிறானாம். நீங்கள் வந்தாத்தான் வெளிக்கிடுவானாம்."

கேட்டீர்கள்தானே. வாசலில் நிற்கிற இந்த நரைத்த தாடிக்காரர்தான் ரியாஸ். பாதை திரும்பத் திறந்ததும் திரும்ப வந்தவர். செருப்பை யார் கொழுவினது என்று இன்றைக்கும் கேட்கிறவர். நான் எழும்பத்தான் வேண்டும். கலியாணப் பெண்ணின் தகப்பனைக் காக்கவைக்க ஏலாது.

கொஞ்சம் விலகுங்கோ பிள்ளைகள். உங்கள் பூட்ஸுகளுக்கு நடுவில் என் செருப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்கட்டும். இதோ, நிற்கிறது. போட்டுவிட்டேன்.

லைனிலை ஆளில்லை.